கேட்டை மறிக்கும் கார்... வீட்டுக்குள் கைதி! பவுர்ணமி தோறும் பரிதவிக்கும் திருவண்ணாமலை மக்கள்

திருவண்ணாமலை:

பவுர்ணமி வந்தால் ஊர் முழுக்க அரோகரா கோஷம். ஆனால் கோவிலை சுற்றியும், கிரிவலப்பாதையை ஒட்டியும் குடியிருக்கும் மக்களுக்கு மட்டும் வயிற்றில் புளியை கரைக்கிறது. காரணம், வீட்டு வாசல்!

சாயங்காலம் கேட்டை திறந்தால் எதிரே யாருடையது என்றே தெரியாத ஒரு கார் நிற்கும். கேட்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி நுழையும் அளவுக்குத்தான் இடம். உள்ளே இருக்கும் பைக் வெளியே வராது. ஆட்டோ வராது. காருக்குள் எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. கண்ணாடியில் போன் நம்பரும் இல்லை. டேஷ்போர்டில் விபூதி பொட்டலமும், தண்ணீர் பாட்டிலும்தான் இருக்கும்.

கிரிவலப்பாதை 14 கிலோமீட்டர். அஷ்ட லிங்கங்களையும் கும்பிட்டு நடந்து முடிக்க சாதாரணமாகவே 4, 5 மணி நேரம் ஆகும். கூட்ட நாளில் இன்னும் இழுக்கும். பிறகு கோவிலில் தரிசன கியூ. அது முடிந்து டிபன். ஆக, ராத்திரி 8 மணிக்கு வாசலில் விட்டுப்போன கார், விடிகாலை பால்காரர் வரும்போதும் அதே இடத்தில்தான் நிற்கும்.

இதில் அதிகம் அடிபடுவது யார் தெரியுமா? ஆட்டோ ஓட்டுபவர்களும், லோடு வண்டி வைத்திருப்பவர்களும்தான். மாதத்திலேயே நல்ல சவாரி கிடைக்கும் ராத்திரி அதுதான். அந்த ராத்திரியில் வண்டி காம்பவுண்டுக்குள் மாட்டிக்கொண்டால் அன்றைய வருமானம் போச்சு. பைனான்சில் எடுத்த வண்டிக்கு டியூ மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். வயசானவர்களை, பிரசவ வலி வந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகவேண்டிய வீடுகளின் கதையை தனியாக சொல்ல தேவையில்லை. 108-க்கு போன் போட்டாலும், சந்து முழுக்க கார் நின்றால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்?

‘பத்து நிமிஷம்ணே...’

கார்காரர்கள் எல்லோரும் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. பாதிப்பேர் வாடகை வண்டி டிரைவர்கள். சில ஆண்டுகளாக ஆந்திரா, தெலுங்கானாவில் இருந்து வரும் பக்தர்கள் கூட்டம் எக்கச்சக்கமாக பெருகிவிட்டது. அங்கிருந்து ராத்திரி பகலாக ஓட்டிக்கொண்டு வரும் டிரைவருக்கு ஊரும் தெரியாது, தெருவும் தெரியாது. மெயின் ரோட்டில் போலீஸ் தடுப்பு வைத்திருப்பார்கள். வண்டிக்குள் இருக்கும் பெரியவருக்கு முட்டி வலி, ‘கோவில் கிட்ட கொண்டு போய் விடுப்பா’ என்பார். டிரைவர் ஏதாவது ஒரு சந்தில் வளைத்து திருப்புவார். காலியாக கண்ணில் படும் ஒரே இடம், ஏதோ ஒரு வீட்டு கேட் வாசல். மற்ற இடமெல்லாம் ஏற்கனவே நிரம்பியிருக்குமே!

டிரைவர் வண்டியிலேயே படுத்திருந்தாலாவது கதவை தட்டி எழுப்பலாம். ‘வந்ததுக்கு நாமும் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்’ என்று அவரும் கிளம்பிவிட்டால் அவ்வளவுதான்.

ஆள் கையில் கிடைத்தாலும் வாக்குவாதம் தவிர வேறு நடப்பதில்லை. ‘அண்ணே, கொஞ்சம் வண்டியை எடுங்க’ என்றால், ‘பத்து நிமிஷம்ணே’ என்று பதில் வரும். அந்த பத்து நிமிஷம் எப்போது முடியும் என்று அண்ணாமலையாருக்குத்தான் வெளிச்சம். கொஞ்சம் குரல் உயர்ந்தால், ‘ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா?’ என்று எகிறுவார்கள். அங்கேதான் கைகலப்பு தொடங்குகிறது.

ரோடு யாருக்கு சொந்தம்?

அந்த கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே இருக்கும் ரோடு வீட்டுக்காரருக்கு சொந்தம் இல்லை. வரி கட்டினாலும் சரி, முப்பது வருஷமாக குடியிருந்தாலும் சரி, அது பொதுவழி. காம்பவுண்டு சுவரை ஒட்டி, கேட்டை விட்டு தள்ளி, வேறு தடை இல்லாத இடத்தில் ஒருவர் வண்டியை நிறுத்தினால், ‘என் வீட்டு ஓரம்’ என்று சண்டைக்கு போக முடியாது.

ஆனால் கேட் வாசல் விஷயம் வேறு! 1989-ம் ஆண்டு சாலை விதிகளிலேயே, ஒரு கட்டிடத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக்கூடாது என்று எழுதியிருக்கிறது. அதற்கு பதிலாக 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டும் ஒழுங்குமுறையிலும் இந்த தடை இருக்கிறது. அதாவது, போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட் முன்னால் நிறுத்தினால் தப்பு தப்புதான். ரோடு உங்களுடையது இல்லை. ஆனால் அந்த ரோட்டுக்கு இறங்கும் வழி உங்கள் உரிமை. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் இரண்டு தரப்பும் ராத்திரி முழுக்க சட்டையை பிடித்துக்கொள்கிறது.

மோட்டார் வாகன சட்டம் 177-வது பிரிவில் இதற்கு அபராதம் போடலாம். ஒரு காலத்தில் இது வெறும் 100 ரூபாய். 2019-ல் சட்டத்தை திருத்தி 500 ரூபாய் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் புதிய அபராத கட்டணம் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. முதல் தடவை 500, மறுபடியும் மாட்டினால் 1,500.

அதே சட்டத்தின் 127-வது பிரிவு இன்னும் பலமானது. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துப்போகவோ, வீல் லாக் போடவோ, யூனிபார்மில் இருக்கும் அந்த ஏரியா போலீஸ் அதிகாரி உத்தரவு போடலாம். இழுத்துப்போன செலவும் வண்டி ஓனர் தலையில்தான் விடியும்.

2024 ஜூலை 1-ந்தேதி முதல் இந்திய தண்டனை சட்டம் போய் பி.என்.எஸ். என்ற புது சட்டம் வந்துவிட்டது. அதில் 285-வது பிரிவு, பொதுவழியில் இடைஞ்சல் செய்தால் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. பழைய சட்டத்தில் இதே குற்றத்துக்கு 200 ரூபாய்தான். ஒருவர் போகவேண்டிய வழியை வேண்டுமென்றே மறித்து அவரை போகவிடாமல் செய்தால் 126-வது பிரிவு இருக்கிறது. ஒரு மாதம் வரை சிறை அல்லது 5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரியாமல் நிறுத்தியவர் மேல் இது பாயாது. ‘எடுக்க மாட்டேன், உன்னால ஆனதை பார்த்துக்கோ’ என்று சவால் விடுபவருக்குத்தான் இது.

கல்லும் சங்கிலியும்

கார் தொல்லை தாங்காமல் வீட்டுக்காரர்கள் செய்யும் வேலைகளும் கொஞ்சநஞ்சம் இல்லை. கேட் முன்னால் பெரிய கல்லை உருட்டி வைப்பது, மணல் மூட்டை அடுக்குவது, பூந்தொட்டி வைப்பது, ரோட்டில் இரும்பு கம்பி நட்டு சங்கிலி கட்டுவது, சொந்த செலவில் நோ பார்க்கிங் போர்டு நடுவது... தெருவுக்கு தெரு இந்த காட்சிதான்.

இது சட்டப்படி செல்லாது. ரோட்டில் எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று போர்டு வைக்கும் அதிகாரம் அரசுக்கும், அரசு சொன்ன அதிகாரிகளுக்கும்தான். சென்னையில் இந்த பிரச்சினை ஐகோர்ட்டு வரை போனது. அனுமதி இல்லாமல் ரோட்டில் வைத்த நோ பார்க்கிங் போர்டு, தடுப்பு, மணல் மூட்டைகளை எடுக்காவிட்டால் நடவடிக்கை என்று 2024 ஜூனில் சென்னை போக்குவரத்து போலீசார் எச்சரிக்கை விட்டார்கள்.

திருவண்ணாமலையும் 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆகிவிட்டது. இங்கேயும் கல், கம்பியை எல்லாம் ஆக்கிரமிப்பு என்று எடுக்க ஆரம்பித்தால் பல வீட்டு வாசல் காலியாகும். கால்வாயை தாண்டி ரோட்டுக்குள் நீட்டி கட்டிய சாய்தளத்துக்கும் இதே கதிதான். ராத்திரியில் அந்த கல்லில் டூவீலர் மோதி யாராவது விழுந்தால், கார்காரர் போய் வீட்டுக்காரர் குற்றவாளி ஆகிவிடுவார்.

போர்டை கேட்டிலேயே மாட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. அது சொந்த இடம். இன்னொரு விஷயம், நம்மூர் போர்டுகளில் பாதி தமிழில் மட்டும் இருக்கிறது. வரும் வண்டியோ ஆந்திரா வண்டி! ஊரில் ஓட்டல், லாட்ஜ், பூஜை கடை எல்லாம் தெலுங்கில் போர்டு வைத்து வியாபாரம் பார்க்கும்போது, வீட்டு கேட்டில் தெலுங்கில் ஒரு வரி எழுத பெயிண்டருக்கு என்ன பெரிய கூலி ஆகிவிடப்போகிறது? பக்கத்திலேயே கார் படம் போட்டு குறுக்கே சிவப்பு கோடு இழுத்துவிட்டால் படிக்க தெரியாதவருக்கும் புரியும்.

காம்பவுண்டுக்குள்ளேயே வந்தால்...

சில இடங்களில் இதைவிட கொடுமை. கேட் இல்லாத வீடு, வீட்டை ஒட்டிய காலி மனை, கடைக்கு பின்னால் உள்ள சொந்த வழி, இங்கெல்லாம் கேட்காமலேயே உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டு போய்விடுகிறார்கள். நாலைந்து குடும்பம் குடியிருக்கும் லைன் வீட்டு முற்றத்தில் வேன் நிற்கும்.

இதற்கு டிராபிக் போலீசிடம் போனால் வேலைக்கு ஆகாது. மோட்டார் வாகன சட்டத்தில் பார்க்கிங் அபராதம் எல்லாம் பொது இடத்துக்குத்தான். பட்டா நிலத்துக்குள் நிற்கும் வண்டிக்கு நோ பார்க்கிங் அபராதம் போட முடியாது. அது அத்துமீறல். சட்டம்-ஒழுங்கு போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகவேண்டும். அங்கே போனால், ‘இது சிவில் மேட்டர்பா’ என்று அனுப்ப பார்ப்பார்கள். முழுக்க அப்படி இல்லை. பி.என்.எஸ். 329-வது பிரிவு, அத்துமீறி நுழைந்தால் 3 மாதம் வரை சிறை அல்லது 5 ஆயிரம் வரை அபராதம் என்கிறது. ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொல்லை கொடுக்கவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு நுழைந்திருக்க வேண்டும், அல்லது அந்த எண்ணத்தோடு உள்ளேயே இருக்கவேண்டும். இடம் காலி என்று நினைத்து நிறுத்தியவர் இதில் வரமாட்டார்.

அதனால்தான், முதலில் சொல்லிப் பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும். ‘இது சொந்த இடம், வண்டியை எடுங்க’ என்று சொல்லும்போது செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சொன்ன பிறகும் எடுக்காமல் அடம் பிடித்தால் அது வேறு கதை ஆகிவிடுகிறது. புகார் எழுதிக்கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதை கேட்டு வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்கக்கூடாது. ஒரே ஆள் திரும்ப திரும்ப இதே வேலையாக நிறுத்தினால், உரிமையியல் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கலாம். பக்கத்து கடைக்காரர், எதிர் லாட்ஜ் போன்ற நிரந்தர தலைவலிக்குத்தான் இது சரிப்படும். ஒருநாள் வந்து போகும் ஆந்திரா காருக்கு எந்த கோர்ட்டுக்கு போவது?

காத்தை பிடுங்கினால் கம்பி!

கோபத்தில் டயரில் ஆணி அடிப்பது, வைப்பரை வளைப்பது, சாவியால் பெயிண்டை கீறுவது எல்லாம் நடக்கிறது. இதை செய்த அடுத்த நிமிஷமே புகார்தாரர் மாறிவிடுகிறார்! பி.என்.எஸ். 324-வது பிரிவில் பிறர் சொத்தை சேதப்படுத்தினால் 6 மாதம் வரை சிறை. சேதம் 20 ஆயிரம் ரூபாயை தொட்டு ஒரு லட்சத்துக்குள் இருந்தால் 2 வருஷம் வரை போகும். பெரிய காரில் ரெண்டு கதவும் பானெட்டும் கீறினால் பெயிண்ட் செலவு 20 ஆயிரத்தை தாண்டிவிடும். தெருவுக்கு தெரு சி.சி.டி.வி. கேமரா வந்துவிட்ட காலத்தில் ‘நான் இல்லை’ என்றும் சொல்ல முடியாது. காத்தை மட்டும்தானே பிடுங்கினோம் என்றாலும், காத்து போன வண்டி உங்கள் வாசலை விட்டு எப்படி நகரும்? யோசிக்க வேண்டாமா!

நாலு பேர் சேர்ந்து காரை தள்ளுவதும் ஆபத்துதான். கியரிலோ, ஹேண்ட் பிரேக்கிலோ இருக்கும் வண்டியை தூக்கி நகர்த்தி, அது எங்காவது இடித்தால் பொறுப்பு தள்ளியவர்களுக்கே. காம்பவுண்டுக்குள் நின்ற காரை கேட் பூட்டி மடக்கிவிட்டு, ‘ஆயிரம் ரூபாய் கொடுத்தால்தான் திறப்பேன்’ என்று சொன்னால் மிரட்டி பணம் பறித்த புகார் திரும்பி வரும்.

100-க்கு போன் போட்டால்...

சரி, சட்டப்படியே போவோம் என்று 100 அல்லது 112-க்கு போன் போடுகிறார்கள். வண்டி நம்பர், தெரு பெயர், கேட் தெரிகிற மாதிரி போட்டோ எல்லாம் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எம்-பரிவாஹன் ஆப்பில் நம்பரை தட்டினால் ஓனர் பெயர் அரைகுறையாக வரும், போன் நம்பர் வராது. அதனால் கார்காரரை நேராக கூப்பிடவும் வழியில்லை. போலீசார்தான் நம்பரை வைத்து தேடி பிடிக்கவேண்டும்.

போலீசார் வருவார்களா என்பதுதான் கேள்வி. பவுர்ணமி, கார்த்திகை தீபம் என்றால் மொத்த படையும் கோவிலிலும் கிரிவலப்பாதையிலும் பந்தோபஸ்தில் நிற்கும். பக்கத்து மாவட்டங்களில் இருந்து வந்த போலீஸ்காரருக்கு பே கோபுர தெரு எங்கே, காந்தி நகர் எங்கே என்றே தெரியாது. அதையும் தாண்டி ஒருவர் வந்து, அபராதம் போட்டு, வீல் லாக் மாட்டிவிட்டு போனால்? கார் முன்பைவிட இன்னும் உறுதியாக அதே வாசலில் உட்கார்ந்துவிடும்! கேட்டை மறித்த வண்டிக்கு பூட்டு போட்டு பிரயோஜனம் இல்லை. இழுத்துப்போக டோயிங் வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே தெளிவாக சொல்லிவிட வேண்டும். அந்த வண்டி சந்துக்குள் நுழைய முடிகிற நிலையில் சந்து இருக்கவேண்டும் என்பது அடுத்த சிக்கல்.

கடைசியில் அபராதம் வசூலானாலும் அந்த 500 ரூபாய் அரசு கஜானாவுக்கு போகிறது. சவாரி போன ஆட்டோக்காரருக்கு ஒரு பைசா இல்லை. தரிசனம், லாட்ஜ், டீசல் என்று செலவு செய்துவிட்டு வரும் கார் பார்ட்டிக்கு 500 ரூபாய் என்பது பார்க்கிங் கட்டணம் மாதிரிதான். பாதிக்கப்பட்டவர் கணக்கில் பார்த்தால் இந்த அபராதம் யாரையும் பயமுறுத்தவில்லை.

ஓட்டை எங்கே?

ஒவ்வொரு பவுர்ணமிக்கும் ஊருக்கு வெளியே வேலூர் ரோடு, திண்டிவனம் ரோடு, செங்கம் ரோடு, வேட்டவலம் ரோடு என்று எல்லா பக்கமும் தற்காலிக பஸ் நிலையமும், கார் நிறுத்துமிடமும் அமைக்கிறார்கள். 2024 மே முதல் சென்னை கடற்கரையில் இருந்து ரெயிலும் ஓட தொடங்கியது. ஏற்பாடு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வெளியே காரை விட்டுவிட்டு கோவிலுக்கு வர ஆட்டோவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கவேண்டும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு போக வர பெரிய தொகை. அதை மிச்சம் பிடிக்கத்தான் சந்துக்குள் நுழைகிறார்கள். அங்கிருந்து கோவிலுக்கு குறைந்த கட்டணத்தில் தொடர்ந்து மினி பஸ் ஓடினால் பாதி கார் ஊருக்குள்ளேயே வராது.

தடுப்பு வைப்பதும் மெயின் ரோட்டில்தான். குடியிருப்பு சந்துகளின் வாயில் ஒரு தடுப்பும், அந்த தெருவை தெரிந்த ஒரு ஊர்க்காவல் படை ஆளும், தெருக்காரர்கள் வண்டிக்கு பாசும் கொடுத்தால் போதும். சட்டம் எதுவும் புதிதாக போட தேவையில்லை. ஜப்பானில் 1962-லேயே, நிறுத்த இடம் இருக்கு என்று போலீசில் சான்று வாங்கினால்தான் கார் பதிவு என்று சட்டம் கொண்டு வந்துவிட்டார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம், சந்து வாயை கவனித்தாலே புண்ணியம்.

உள்ளூர்க்காரர்கள் மேலும் குறை இருக்கிறது. காலி மனையில் காசு வாங்கிக்கொண்டு கார் விடுபவர்கள், மனை நிரம்பிய பிறகும் கார்களை சந்துக்குள் கூப்பிட்டு, ‘அப்படி ஓரமா போடுங்க, ஒண்ணும் ஆகாது’ என்று பக்கத்து வீட்டு கேட்டை கை காட்டிவிடுகிறார்கள். காசு இவருக்கு, சண்டை அவருக்கு!

2024 டிசம்பர் 13, 2025 டிசம்பர் 3 என்று இரண்டு மகாதீபமும் முடிந்துவிட்டது. மாதாமாதம் பவுர்ணமியும் வந்து போகிறது. கிரிவலம் போக உகந்த நேரத்தை தவறாமல் அறிவிக்கிறார்கள். சந்துகளில் கார் நுழையக்கூடாத நேரத்தையும் சேர்த்து அறிவித்தால் என்ன என்பதுதான் தெருக்காரர்களின் கேள்வி. அதுவரைக்கும், சவாரியை விட மனசில்லாத ஆட்டோக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை ஊருக்கு வெளியே சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, நடந்தே வீடு திரும்பவேண்டியதுதான்.